குன்றிமணியும் சுண்டெலியும்

பிள்ளையார் சதுர்த்தியன்று எங்கள் வீட்டில் களிமண் பிள்ளையாருக்குக் கண் வைக்கும் உத்தியோகம் என்னுடையது. எருக்கம்பூ மாலை, அருகம்புல், குடை எல்லாவற்றையும் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கண் மட்டும் எனக்கு. பாட்டி ஒரு சிறு பித்தளைக் கிண்ணத்தில் குன்றிமணிகளை எண்ணிக் கொண்டுவந்து வைப்பாள். வேலை முடிந்ததும் மிச்சத்தை எண்ணித் திரும்ப வாங்கிக்கொள்வாள். ஒன்று குறைந்தாலும் போயிற்று. கூடம் முழுவதும் விளக்கை வைத்துக்கொண்டு தேட வேண்டும்.

"வாயிலே போட்டுக் கடிச்சுடாதே. அழகாயிருக்கேன்னு பாக்காதே, அத்தனையும் விஷம்" என்பாள்.

அந்த வயதில் எனக்கு அதில் நம்பிக்கை ஏற்படவில்லை. சிவப்பும் கறுப்புமாக அத்தனை லட்சணமாக இருக்கிற ஒரு வஸ்துவில், அதுவும் பிள்ளையாருக்கே கண்ணாகப் போகிற வஸ்துவில், விஷம் எப்படி இருக்கும்? பிற்பாடுதான் தெரிந்தது, போலித் துறவிகளைப் பற்றிச் சொல்ல வந்த வள்ளுவரும் குன்றிமணியைத்தான் உவமை காட்டியிருக்கிறார் என்று. பாட்டி குறள் படித்தவள் அல்ல. ஆனாலும் இரண்டு பேருக்கும் அந்த மணியைப் பற்றி ஒரே அபிப்பிராயம்தான்.

தட்டார்கள் அதை எடைக்கல்லாக வைத்துப் பொன் நிறுத்தார்கள். "குண்டுமணித் தங்கம்கூட இல்லை" என்று நம் வீட்டுப் பெண்கள் குறைப்பட்டுக்கொள்வது அந்த வழக்கத்தில் வந்ததுதான். வடக்கே சில இடங்களில் அதற்கு வேறொரு உபயோகமும் இருந்தது. குன்றிமணியை அரைத்து ஊசியாகத் திரட்டிக் காயவைத்து, தோலுக்கு ஆசைப்பட்டவர்கள் பிறத்தியார் மாட்டின் உடம்பில் இரவோடு இரவாகச் செருகிவிடுவார்கள். மாடு சில நாளில் செத்துப்போகும். அந்த விஷம் என்னவென்று 1884-ல் கல்கத்தாவில் வார்டன், வாடெல் என்ற இரண்டு டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். கிருமி எதுவும் இல்லை, விதையில் உள்ள ஒரு புரதப் பொருளே விஷம் என்று கண்டார்கள். அதற்கு அப்ரின் என்று பெயர்.

இந்தக் குன்றிமணி விஷத்தை 1891-ல் பெர்லின் நகரத்தில் ஒரு டாக்டர் சுண்டெலிகளுக்குத் தீனியில் கலந்து ஊட்டிக்கொண்டிருந்தார். எலிகளைக் கொல்ல அல்ல. எலிகள் எப்படிச் சாகாமல் இருக்கின்றன என்று பார்ப்பதற்காக!

அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று சொல்வதற்கு முன்னால், பாட்டியைப் பற்றி இன்னும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அவளுக்கு என் அப்பாவுக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை இருந்தது. மூன்று வயதில் தொண்டை அடைப்பான் கண்டது. தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு ஆடை படர்ந்து, மூச்சு முட்டி, நாலாம் நாள் போய்விட்டது. "பட்டணத்திலே அதுக்கு ஊசி வந்திருந்ததாம். எங்களுக்கு யார் சொன்னா?" என்று எப்போதாவது சொல்வாள். அழமாட்டாள். கிண்ணத்தில் குன்றிமணியை எண்ணுகிற அதே குரலில்தான் சொல்வாள். அவள் ஏன் அப்படி எண்ணினாள் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் விளங்கியது.

அந்த ஊசியின் கதையும் குன்றிமணியின் கதையும் ஒன்றுதான்.

* * *

தொண்டை அடைப்பானுக்குக் காரணமான கிருமியை 1884-ல் லோப்ளர் என்ற ஜெர்மானியர் தனியாகப் பிரித்து வளர்த்தார். வளர்த்தவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. நோய் கண்டு இறந்த பிராணிகளை அறுத்துப் பார்த்தால் கிருமி ஊசி போட்ட இடத்தில் மட்டும் இருக்கிறது. கெட்டுப்போயிருப்பதோ தூரத்தில் உள்ள உறுப்புகள். அப்படியானால் கிருமி ஒரு விஷத்தைக் கக்கி, அந்த விஷம் உடம்பெங்கும் போகிறதோ? 1888-ல் பாரீஸில் ரூ, யெர்சின் என்ற இருவர், கிருமி வளர்ந்த திரவத்தைப் பீங்கான் வடிகட்டியில் வடித்து, ஒரு கிருமிகூட இல்லாத அந்தத் தெளிவை மட்டும் பிராணிகளுக்குச் செலுத்தினார்கள். அவை இறந்தன. லோப்ளரின் சந்தேகம் சரியாயிற்று.

அடுத்த அடி பெர்லினில், ராபர்ட் கோக்கின் ஆராய்ச்சி சாலையில் எடுத்து வைக்கப்பட்டது. அங்கே எமில் பெஹ்ரிங் என்ற ராணுவ டாக்டரும், கிடசாட்டோ என்ற ஜப்பானியரும் சேர்ந்து வேலை செய்தார்கள். கிடசாட்டோ ஒரு வருஷம் முன்புதான் யாராலும் முடியாதிருந்த ஒரு காரியத்தைச் செய்து முடித்திருந்தார். ரண ஜன்னிக் கிருமியைக் கலப்பில்லாமல் வளர்த்திருந்தார். இருவரும் 1890 டிசம்பரில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். நோயைத் தாங்கிப் பழகிய ஒரு பிராணியின் ரத்தத்தைத் தெளியவைத்து, அந்தத் தெளிநீரை விஷத்தோடு கலந்தால் விஷம் செத்துப்போகிறது. அதே தெளிநீரை வேறொரு பிராணிக்குச் செலுத்தினால் அதுவும் பிழைக்கிறது. இதுதான் அந்தக் கட்டுரையின் சாரம்.

ரத்தத்தில் ஏதோ இருக்கிறது. அது என்ன? எப்படி வந்தது? எவ்வளவு இருக்கிறது? இந்தக் கேள்விகளைப் பிடித்துக்கொண்டவர்தான் நம் சுண்டெலி டாக்டர். அவர் பெயர் பால் எர்லிக்.

எர்லிக் கதைகளில் வருகிற விஞ்ஞானி மாதிரியே இருப்பார். சுருட்டுப் பெட்டி எப்போதும் கக்கத்தில் இருக்கும். உதவியாளர்களுக்கு அன்றன்றைய கட்டளைகளை வண்ண அட்டைகளில் எழுதி அனுப்புவார். எதையும் படம் போட்டுத்தான் விளக்குவார். காகிதம் இல்லாவிட்டால் சட்டைக் கையின் விளிம்பில் போடுவார். கிருமி விஷம் அன்றைக்கு ஒரு பலம், நாளைக்கு ஒரு பலம் என்று மாறிக்கொண்டிருந்தது. அளந்து ஆராய்வதற்கு அது லாயக்கில்லை. ஆகையால் நிறுத்து எடுக்கக்கூடிய விஷமாக இரண்டைத் தேர்ந்தெடுத்தார். ஒன்று ஆமணக்கு விதையின் விஷமான ரிசின். மற்றொன்று குன்றிமணி விஷம். நம் வேலியோரத்துச் செடிகள் இரண்டும் பெர்லினில் பெரிய மனிதர்களாகிவிட்டன.

எலிகளுக்கு முதலில் மிகமிகச் சிறிய அளவு கொடுத்தார். பிறகு கொஞ்சம் கூட்டினார். அப்புறம் இன்னும் கொஞ்சம். சில நாள் வரையில் ஒரு மாறுதலும் தெரியவில்லை. பிறகு திடீரென்று அந்த எலிகள் சாதாரண எலியைக் கொல்லக்கூடிய அளவைப்போல் பல மடங்கைத் தின்றுவிட்டு நிம்மதியாக உலாவின. அதைவிட ஆச்சரியம் ஒன்று: ஆமணக்கு விஷத்துக்குப் பழகிய எலி குன்றிமணி விஷத்தில் இறந்தது, குன்றிமணிக்குப் பழகியது ஆமணக்கில் இறந்தது. ஒரு விஷத்துக்குப் பிறந்த காவல் மற்றொன்றைக் கண்டுகொள்ளவே இல்லை. இந்தக் காவல் பொருளுக்கு எர்லிக் அந்த வருஷத்துக் கட்டுரையில் வைத்த பெயரைத்தான் நாம் இன்று எதிர்ப்பொருள் என்று தமிழில் சொல்கிறோம்.

(குன்றிமணிக்குப் பழகிவிடலாம் போலிருக்கிறதே என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த விஷத்துக்கு இன்றுவரை முறிமருந்து கிடையாது. பாட்டி சொன்னதுதான் சரி.)

1892-ல் எர்லிக் செய்த பரிசோதனை என் மனத்தில் எப்போதும் நிற்பது. பழகிய தகப்பனுக்கும் பழகாத தாய்க்கும் பிறந்த குட்டிகளுக்கு ஒரு காவலும் இல்லை. தாய் பழகியதாக இருந்தால் குட்டிகளுக்குக் காவல் இருந்தது. ஆனால் சில வாரங்களில் தேய்ந்து மறைந்தது. பேரக் குட்டிகளுக்கு எதுவும் போய்ச் சேரவில்லை. அப்படியானால் இது ரத்தத்தில் ஊறிய பரம்பரைச் சொத்து அல்ல. தாய் கைமாற்றாகக் கொடுத்த கடன். எப்படிக் கொடுக்கிறாள்? எர்லிக் குட்டிகளை மாற்றி வைத்தார். பழகாத தாய் பெற்ற குட்டிகளைப் பழகிய தாயிடம் பால் குடிக்க விட்டார். அந்த மாற்றான் குட்டிகளும் பிழைத்தன! பாலில் போயிருக்கிறது காவல்.

மனிதக் குழந்தைக்கு இது சற்று வேறு விதம். நம் தாய்மார்கள் பெரும்பங்கைக் குழந்தை வயிற்றில் இருக்கும்போதே நஞ்சுக்கொடி வழியாகக் கொடுத்துவிடுகிறார்கள். தாய்ப்பாலில் வருவது வேறு ஜாதி எதிர்ப்பொருள். அது குழந்தையின் ரத்தத்தில் அவ்வளவாகக் கலக்காமல் குடலிலேயே நின்று காவல் காக்கிறது. இரண்டும் கடன்தான். குழந்தை சொந்தமாகச் சம்பாதிக்கத் தொடங்கும்வரை தாங்குவதற்கான கடன்.

அந்தக் கடனை ஒரு குதிரையிடமிருந்தும் வாங்கலாம் என்பதுதான் பாட்டி கேள்விப்பட்ட ஊசி. குதிரைக்கு விஷத்தைச் சிறுகச் சிறுகப் பழக்கி, அதன் ரத்தத்தின் தெளிநீரை எடுத்து, நோயில் கிடக்கும் குழந்தைக்குச் செலுத்துவது. 1894-ல் புடாபெஸ்ட் நகரத்தில் கூடிய மகாநாட்டில் ரூ தம்முடைய பாரீஸ் ஆஸ்பத்திரிக் கணக்கைப் படித்தார். முன்பு தொண்டை அடைப்பானோடு வந்த குழந்தைகளில் 100க்கு 50க்கு மேல் இறந்துகொண்டிருந்தன. ஊசி வந்த பிறகு 25க்குள் வந்துவிட்டது. மற்ற 25 குழந்தைகளின் வீடுகளை நினைத்துப் பார்க்கிறேன்.

ஆனால் ஒரு புட்டி மருந்து போல் மற்றொரு புட்டி இல்லை. ஒன்றில் பலம் உண்டு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். எர்லிக்தான் 1897-ல் அதற்குப் படிக்கல் செய்து கொடுத்தார். ஒரு குறிப்பிட்ட தெளிநீரை உலர்த்திக் காற்றில்லாத குழாயில் அடைத்து, இதுதான் அளவு, எல்லா மருந்தையும் இதோடு ஒத்துப் பார்த்து விற்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். குன்றிமணியை வைத்துப் பொன் நிறுக்கிற தட்டானின் வேலை! 1901-ல் வைத்தியத்துக்கான முதல் நோபெல் பரிசு பெஹ்ரிங்குக்கு மட்டும் போயிற்று. கிடசாட்டோவுக்கு இல்லை. எர்லிக்குக்கும் அப்போது இல்லை, 1908-ல்தான் கிடைத்தது.

* * *

இனிமேல்தான் கதையில் முடிச்சு விழுகிறது.

பெர்லின் சுண்டெலியின் பாட்டன் முப்பாட்டன் எவனும் குன்றிமணியைக் கண்டதில்லை. அது வெப்ப நாட்டுக் கொடி. இதற்கு முன் சந்திக்காத ஒரு விஷத்துக்கு அந்த எலியின் உடம்பு அச்சு அசலாக ஒரு பூட்டு எப்படித் தயாரித்தது?

எர்லிக் 1897-லேயே ஒரு விடை சொன்னார். உயிரணுவின் மேல் ஏற்கெனவே பல விதமான கைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவை உணவைப் பிடிப்பதற்கென்று இருப்பவை. தற்செயலாக ஒரு விஷம் அவற்றில் ஒன்றில் வந்து மாட்டிக்கொள்கிறது. உடனே உயிரணு அந்த விதமான கையை ஏராளமாக உண்டாக்கி ரத்தத்தில் விட்டுவிடுகிறது. அதாவது, சாவி பூட்டுக்காகச் செய்யப்படவில்லை, முன்பே இருந்தது. இதற்கும் எர்லிக் படம் போட்டார். படத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு.

சிரிப்பதற்கு நியாயமும் கிடைத்தது. ரத்தத்தில் வகை உண்டு என்று கண்டுபிடித்த லாண்ட்ஸ்டைனர், பரிசோதனைச் சாலையில் மனிதன் புதிதாகச் செய்த ரசாயனங்களைப் புரதத்தில் ஒட்டிப் பிராணிகளுக்குச் செலுத்தினார். உலகத்திலேயே அதுவரை இல்லாத பொருள்கள். அவற்றுக்கும் எதிர்ப்பொருள் உண்டாயிற்று! பிரம்மாவே சிருஷ்டிக்காத பொருளுக்கு உடம்பு முன்கூட்டியே கை செய்து வைத்திருக்குமா? இருக்க முடியாது என்றார்கள். 1940-ல் அமெரிக்காவில் லைனஸ் பாலிங் என்ற பெரிய ரசாயன நிபுணர், கொழுக்கட்டை அச்சில் மாவை அழுத்துகிற மாதிரி, வந்த விஷத்தின் மேலேயே புரதம் அழுந்தி அதன் வடிவத்தை வாங்கிக்கொள்கிறது என்று விளக்கினார். கேட்கச் சுலபமாக இருந்தது. எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். எர்லிக் 1915-லேயே காலமாகிவிட்டார். அவருக்காக வாதாட ஆள் இல்லை.

ஆனால் அச்சுக் கதையில் ஓட்டை ஒன்று இருந்தது. அச்சை எடுத்த பிறகு கொழுக்கட்டை எப்படி நடக்கும்? விஷம் உடம்பை விட்டுப் போய் வருஷக்கணக்கான பிறகும் உடம்பு அதை நினைவு வைத்திருக்கிறதே, எப்படி? 1955-ல் டென்மார்க்கைச் சேர்ந்த யெர்னே எர்லிக்கின் பழைய கருத்துக்குப் புது உருவம் கொடுத்தார். 1957-ல் ஆஸ்திரேலியாவின் பர்னெட் அதைத் திருத்திச் சொன்னார். ஒவ்வொரு அணுவும் எல்லா விதக் கைகளையும் வைத்திருப்பதில்லை. ஓர் அணுவுக்கு ஒரு விதம். அப்படிக் கோடிக்கணக்கான அணுக்கள் ரத்தத்தில் சுற்றுகின்றன. பெரும்பாலானவற்றுக்கு ஆயுள் முழுவதும் வேலையே வருவதில்லை. ஏதோ ஒன்றுக்கு ஒரு நாள் அதன் விஷம் எதிர்ப்படுகிறது. அப்போது அது பெருகுகிறது, ஒன்று ஆயிரமாகிறது, எதிர்ப்பொருளை விநாடிக்கு ஆயிரக்கணக்கில் கொட்டுகிறது. ஆபத்து தீர்ந்தபின் அதன் சந்ததியில் சில மட்டும் நினைவோடு தங்கிவிடுகின்றன. அளவெடுத்துத் தைக்கிற தையற்காரன் அல்ல நம் உடம்பு. எல்லா அளவிலும் சட்டை தைத்துத் தொங்கவிட்டிருக்கிற கடை. அந்தச் சிரிப்புக்கு ஆளான படம் பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

* * *

எதிர்ப்பொருள் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள இன்னொரு செடி உதவிக்கு வந்தது. மாமிசம் சமைக்கிற வீடுகளில் கறி சீக்கிரம் வேகப் பப்பாளிக்காயைச் சேர்ப்பார்கள் அல்லவா? அந்தக் காயின் பாலில் புரதத்தை வெட்டுகிற சரக்கு ஒன்று இருக்கிறது. லண்டனில் ராட்னி போர்ட்டர் என்பவர் முயலின் எதிர்ப்பொருளை அதைக் கொண்டு வெட்டி, 1959-ல் முடிவை வெளியிட்டார். மூன்று துண்டுகள் கிடைத்தன. இரண்டு துண்டுகள் அந்நியப் பொருளைப் பிடித்தன. மூன்றாவது பிடிக்கவில்லை, ஆனால் குளிரில் அழகாகக் கற்கண்டு மாதிரி படிகமாயிற்று. படிகமாவதென்றால் எல்லாம் ஒரே அச்சாக இருக்க வேண்டும். ஆகவே எதிர்ப்பொருளில் ஒரு பாகம் எல்லாவற்றுக்கும் பொது. மற்றப் பாகம்தான் ஆளுக்கு ஆள் வேறு. அதே 1959-ல் நியூயார்க்கில் எடெல்மன் அது பல சங்கிலிகளால் ஆனது என்று காட்டினார். 1962-ல் போர்ட்டர் இரண்டையும் பொருத்தினார்: நீளமான சங்கிலி இரண்டு, குட்டையான சங்கிலி இரண்டு. இருவருக்கும் 1972-ல் நோபெல் பரிசு.

உருவம் கிராமத்துப் பையன்கள் உண்டிவில்லுக்கு வெட்டுகிற கவட்டைக் கிளைதான். மேலே இரண்டு கிளை, கீழே ஒரு காம்பு. ஒரு மில்லிமீட்டருக்குள் ஏறக்குறைய ஒரு லட்சத்தை வரிசையாக நிறுத்தலாம். இரண்டு கிளைகளின் நுனியும் எதிரியைப் பிடிக்கின்றன. விஷமாக இருந்தால் பிடித்த மாத்திரத்தில் அது உயிரணுவைத் தீண்ட முடியாமல் போகிறது. கிருமியாக இருந்தால் காம்பின் வேலை ஆரம்பமாகிறது. "இதோ இருக்கிறான், வா" என்று அது விழுங்கும் அணுக்களைக் கூப்பிடுகிறது. கிருமியின் மேலுறையைத் துளைக்கிற ரத்தப் புரதங்களையும் கிளப்பிவிடுகிறது. நுனி ஆளை அடையாளம் காண்கிறது. காம்பு ஊரைக் கூட்டுகிறது. நுனிதான் கோடி விதம். காம்பு ஒரு சில ஜாதிதான்.

கோடி விதத்துக்கும் குறிப்பு எங்கே எழுதியிருக்கிறது? மனிதனுடைய மரபணுக்கள் மொத்தமே சுமார் 20,000. இந்த முடிச்சை 1976-ல் சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரத்தில் அவிழ்த்தவர் டோனேகாவா, கிடசாட்டோவைப் போல ஒரு ஜப்பானியர். எதிர்ப்பொருளின் மரபணு முழுசாக எழுதிய கடிதம் அல்ல. துண்டு துண்டாக இருக்கிற சீட்டுக்கட்டு. ஒவ்வொரு அணுவும் வளரும்போது தனக்கென்று சீட்டைக் கலைத்துச் சிலவற்றை எடுத்து ஒட்டிக்கொள்கிறது. ஒட்டுகிற இடத்திலும் சிறு மாறுதல்கள் செய்கிறது. சொந்த உடம்பையே பிடிக்கிற கை வந்துவிட்டால் அந்த அணு பெரும்பாலும் ஒழிக்கப்படுகிறது. மீதி காத்திருக்கிறது. 1987-ல் டோனேகாவாவுக்கு நோபெல் பரிசு கிடைத்தது, பங்காளி யாரும் இல்லாமல்.

* * *

கடன் வாங்கிய காவலுக்கு ஆயுள் குறைவு என்று எர்லிக்கின் எலிக்குட்டிகள் காட்டின. குதிரை கொடுத்த கடனில் இன்னொரு சங்கடம். குதிரையின் எதிர்ப்பொருளையே அந்நியமென்று கண்டு குழந்தையின் உடம்பு அதற்கு எதிர்ப்பொருள் தயாரித்து ஜுரம் காணும். சொந்தச் சம்பாத்தியத்துக்கு வழி 1923-ல் பாரீஸில் பிறந்தது. ரமோன் என்பவர் தொண்டை அடைப்பான் விஷத்தை பார்மலினும் இளஞ்சூடும் கொண்டு பக்குவப்படுத்தினார். விஷம் போயிற்று, வடிவம் நின்றது. பல் பிடுங்கிய பாம்பு. அதைக் காட்டினால் உடம்பு பாம்பை அடையாளம் கண்டுகொள்கிறது; கடிபடுவதில்லை.

என் பேத்திக்கு ஆறாவது வாரத்தில் தொடையில் போட்ட ஊசியில் அந்தப் பல் பிடுங்கிய பாம்பும் இருந்தது. குழந்தை வீறிட்டு அழுதது. மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் மட்டும் வராந்தாவில் நின்றுகொண்டு, மூன்று வயதில் நாலு நாளில் போய்விட்ட, முகம் தெரியாத ஒரு அத்தையை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவளுடைய சின்ன உடம்பிலும் அந்த விஷத்துக்கு உரிய அணு எங்கோ ஒன்றோ இரண்டோ இருந்திருக்கும். சரியான கைதான். ஆனால் ஒன்று ஆயிரமாவதற்கு நாள் வேண்டும். விஷம் அந்த அவகாசத்தைக் கொடுக்கவில்லை. தடுப்பூசி செய்கிற காரியம் அவ்வளவுதான். இல்லாத ஒன்றை அது கொடுப்பதில்லை. இருப்பதற்கு முன்கூட்டியே நாலு நாள் சம்பாதித்துக் கொடுக்கிறது.

அந்த நாலு நாள் எங்கள் வீட்டுக்கு ஒரு தலைமுறை தாமதமாக வந்தது. பாட்டி இருந்தால் இதையெல்லாம் சொல்லியிருப்பேன். கேட்டுவிட்டு, "சரி, கிண்ணத்தை எண்ணிக் குடு" என்றுதான் சொல்லியிருப்பாள்.